அழுவது விசுவாசக் குறைவா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்கிப் புயலில் மாண்டவர்களுக்காகவும் காணாமற்போனவர்களுக்காகவும் குமரிக் கடற்கரை ஊர்களில் நடைபெறும் நினைவுத் திருப்பலிகளைக் குறித்து, தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். உயிர்ப்பை விசுவசிக்கும் கிறிஸ்தவர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கூடி அழுவது அந்த விசுவாசத்துக்கே இழுக்கு என்றும், நடந்ததைக் கடவுளின் சித்தமென ஏற்று அமைதியடைவதே முறை என்றும் அவர் எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குளச்சலுக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையிலும், 2017 நவம்பரில் அண்ணன் மகனைக் கடலில் இழந்த வீட்டைச் சேர்ந்தவள் என்ற முறையிலும், அவருக்கு மறுமொழி சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

எங்கள் பிள்ளை கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். இந்தத் தொழிலில் பத்து நாள், இருபது நாள், சில வேளைகளில் ஒரு மாதம்கூடக் கரையைக் காணாமல் தங்கி மீன் பிடிப்பார்கள். கரையோடு பேச வழியில்லாத தொலைவு அது. நவம்பர் 30 காலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுத்துவிட்டது என்று அறிவிப்பு வந்தபோது, எங்கள் ஊரில் தென்னைகளும் மின்கம்பங்களும் சாயத் தொடங்கியிருந்தன. அவன் எங்கே இருந்தான் என்பதோ, அந்த அறிவிப்பு அவனுக்குக் கேட்டிருக்குமா என்பதோ எங்களுக்குத் தெரியாது. அன்று புனித அந்திரேயாவின் திருநாள். பேதுருவின் சகோதரர், வலையை விட்டுவிட்டு ஆண்டவரின் பின்னே போன மீனவர். அந்தத் திருநாளில்தான் எங்கள் மீனவர்களுக்கு அது நேர்ந்தது என்பதை இன்றுவரை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதுவே, எங்கள் கடற்கரைக்கு விசுவாசம் கொண்டுவந்த புனித சவேரியாரின் நாளும் அதுவே. மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கி இல்லை. சாமியார் உரத்த குரலில் வாசித்தார். அன்றைய நற்செய்தி மாற்கு பதிமூன்றாம் அதிகாரம்: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும்போது வருவாரோ, விடியலில் வருவாரோ தெரியாது, ஆகவே விழித்திருங்கள் என்னும் பகுதி. கோயிலில் இருந்த பெண்களில் பலர் மூன்று இரவுகளாக உறங்கியிருக்கவில்லை. விழித்திருப்பது எப்படி என்று அந்த ஞாயிறில் எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய முதல் வாசகம் இறைவாக்கினர் எசாயாவினுடையது. வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கடவுளை நோக்கி மக்கள் முறையிடுவது. அதை வாசித்த இளம்பெண் பாதியில் நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் வாசித்தாள். அன்பர் சொல்லும் விசுவாசக் குறைவு இதில் எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

பிறகு வந்தவை செய்திகளும் வதந்திகளும். லட்சத்தீவில் ஒதுங்கினார்கள், கர்நாடகக் கரையில் இருக்கிறார்கள், மகாராட்டிரத்தில் பல படகுகள் பத்திரமாக நிற்கின்றன என்றெல்லாம் கேள்விப்பட்டோம். அவற்றில் பல உண்மையாகவும் இருந்தன, பல வீடுகளுக்குப் பிள்ளைகள் திரும்பியும் வந்தார்கள். எங்கள் அண்ணன் கேரளத்து மருத்துவமனைப் பிணவறைகளுக்கு ஏறி இறங்கினார். மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். எதுவும் ஒத்துவரவில்லை.

அந்த நாட்களில்தான் ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வாயிலிருந்து 'கடவுளின் சித்தம்' என்ற சொல்லை அதிகமாகக் கேட்டேன். அந்தச் சொல்லின் மீது எனக்கு மரியாதை உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே சொன்ன சொல் அது. ஆனால் அவர் அதை வியர்வை இரத்தமாக வடிய, இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்ட பிறகு, தம்மைக் குறித்துச் சொன்னார். பக்கத்து வீட்டாரின் பிள்ளையைக் குறித்து, காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லவில்லை. விவிலியத்தில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். முடிவில் கடவுள், தம்மை ஏசாத குறையாக முறையிட்ட யோபு தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்றும், தமக்காக வழக்காடிய நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் தீர்ப்புச் சொல்கிறார். அந்த நூலின் கடைசி அதிகாரத்தை அன்பர் மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

அன்பர் தம் கருத்துக்குச் சான்றாகக் காட்டியிருப்பது தெசலோனிக்கருக்குப் பவுலடியார் எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறாரே தவிர, துயருறவே வேண்டாம் என்று எழுதவில்லை. இறந்துபோன இலாசரை இன்னும் சிறிது நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார் அல்லவா? அதற்கு முன் மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அது வேண்டுதலும்தான், குற்றச்சாட்டும்தான். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு கத்தோலிக்கராகிய நாங்கள் முன்பு விசுவாசம் என்றதை நம்பிக்கை என்றும், முன்பு நம்பிக்கை என்றதை எதிர்நோக்கு என்றும் சொல்லப் பழகிவருகிறோம்; என் வயதினருக்குப் பழையதுதான் நாவில் நிற்கிறது. எங்கள் பழைய செபப் புத்தகத்தில் 'விசுவாச முயற்சி', 'நம்பிக்கை முயற்சி' என்று சில செபங்கள் உண்டு. சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்தபோது அந்த 'முயற்சி' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. விசுவாசம் என்பது வைத்திருக்கும் பொருளன்று, அன்றன்றைக்குச் செய்துபார்க்கும் முயற்சி. சில நாள் கைகூடும், சில நாள் கைகூடாது. அந்த முயற்சி என் அண்ணனுக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. இரண்டு ஆண்டுகள் கோயில் பக்கமே வராதவர், இப்போது ஞாயிறுதோறும் வந்து வெளியே சிலுவை நிற்கும் குருசடியின் படியில் அமர்ந்திருக்கிறார்; உள்ளே வருவதில்லை, நற்கருணை வாங்குவதில்லை. அவரை யாரும் இழுக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. எங்கள் அன்பியத்தை (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவை) சேர்ந்த இரண்டு முதியவர்கள் மட்டும் தாங்களும் உள்ளே போகாமல் அவரோடு படியில் அமர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் செய்வது பூசை காணாத பாவமா என்று எங்கள் சாமியாரிடம் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் கைகூடாத நாட்கள் இருந்தன. கடல் கொந்தளிப்பை இயேசு அடக்கிய பகுதியை மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு முழுவதும் நான் நடத்தவில்லை. பாடம் வரும் வாரத்தில் வேறு எதையாவது எடுத்துச் சமாளித்தேன். மறு ஆண்டு நடத்தியபோது, தகப்பனை இழந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்கப்பா போட்டுல இயேசு ஏறல்லியா?" என்று கேட்டது. முப்பது ஆண்டு ஆசிரியைக்கு அங்கே விடை இல்லை. "எனக்குத் தெரியல்ல மக்களே" என்று சொல்லிவிட்டு, அதே பகுதியில் சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்ட வசனத்தை வகுப்பு முழுவதையும் உரக்க வாசிக்கச் சொன்னேன். மாற்கு எழுதியபடி பார்த்தால், அவர் முதலில் காற்றை அடக்கிவிட்டு, அதன் பிறகுதான் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறார். எங்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் அந்த வரிசையையாவது கவனிக்க வேண்டும். திருப்பாடல்களில் புயலில் சிக்கியவர்களைக் கடவுள் விரும்பிய துறைக்குக் கொண்டுசேர்த்தார் என்று பாடும் நூற்றேழாவதும் இருக்கிறது. ஒரு விடிவும் இல்லாமல் இருட்டோடு முடிகிற எண்பத்தெட்டாவதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்துத்தான் திருச்சபை எங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

நினைவுநாள் ஏன் தேவை என்பதற்கு வருகிறேன். எங்கள் கடற்கரைக்கு இது முதல் இழப்பன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலையில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் அன்று உடல்கள் கிடைத்தன; தனித்தனியே அடக்கம் செய்ய நேரமில்லாமல் ஒரே குழியில் சேர்த்து அடக்கினாலும், போய் நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒக்கி அதையும் கொடுக்கவில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருதுவதற்கு ஏழு ஆண்டுகள் செல்ல வேண்டும் என்னும் பொதுவிதி எங்களுக்காகத் தளர்த்தப்பட்டது, தமிழக அரசு அறிவித்த 20 லட்சம் ரூபாயும் வந்தது, அவையெல்லாம் தேவைதான். ஆனால் கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது எங்கள் மைனி, அதாவது அண்ணன் மனைவி, எங்கே போவார்? முதல் ஆண்டு கடற்கரைக்குப் போய் மணலில் மெழுகுவத்தியை நட்டுக் கொளுத்தினார்; காற்று அணைத்தது. மீண்டும் கொளுத்தினார், மீண்டும் அணைத்தது. பிறகு வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துவந்து, மணலைப் பறித்து அதைப் பதித்து, அதற்குள் மெழுகுவத்தியை வைத்தார். அது நின்று எரிந்தது. அடுத்த ஆண்டு எங்கள் தெருவில் ஆறேழு பெண்கள் சிரட்டையோடு வந்தார்கள்.

யாருக்காக, எதற்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டிலும் இதைப் பார்த்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் மைனி மகன் பெயரை எழுதிக் கொடுப்பார். முதல் மூன்று ஆண்டுகள் 'பத்திரமாகத் திரும்பி வர' என்று எழுதினார். கோயில் பணிகளில் சாமியாருக்குத் துணையான உபதேசியார் அதைத் திருத்தவில்லை, பீடத்தில் அப்படியே வாசித்தார்கள். 2021இல்தான் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று அவராகவே எழுதினார். எழுதிவிட்டு அந்தச் சீட்டைக் கொடுக்காமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். முதல் ஆண்டிலேயே யாராவது ஒருவர், விசுவாசம் உள்ளவள் இப்படி எழுதலாமா என்று கேட்டிருந்தால், மைனியும் இன்று அந்தக் குருசடிப் படிக்குக்கூட வந்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். எங்கள் ஊரில் விசுவாசம் பிழைத்தது தேற்றரவு மொழிகளால் அன்று. ஒரு சீட்டை அப்படியே வாசித்ததால் பிழைத்தது. 2017 டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை இரயில் நிலையத்தில் இருப்புப்பாதையில் அமர்ந்து, ஆழ்கடலில் தேடுங்கள் என்று கேட்டதையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். கடவுளிடம் முறையிடத் தெரிந்தவர்களுக்குத்தான் அரசிடமும் முறையிடத் தெரியும்.

தங்கள் நாளிதழ் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளை நினைவுகூர்ந்து செய்தி வெளியிடுவதற்கு எங்கள் நன்றி. அதை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதம் எழுதிய அன்பரையும் வரும் நவம்பர் 30 அன்று எங்கள் ஊர்த் திருப்பலிக்கு அழைக்கிறேன். மாலையில் திருப்பலி முடிந்ததும் செபமாலை சொல்லிக்கொண்டே கடற்கரைக்குப் போவோம். அந்த நேரத்தில் காற்று பலமாக வீசும். அவர் ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்தால் போதும், சிரட்டை எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.