திங்கள் முதல் சிறுசேரி போகும் நம் வாடகை வேனில் யாருக்கு என்ன வேலை

வணக்கம். நேற்று காலை ஏழு மணிக்குள் டிரைவர் அண்ணனுக்கு நாலு பேர் போன் செய்திருக்கிறோம். வண்டி ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? இனி அவரிடம் பேசுவது கேம்ப் ரோட்டில் ஏறும் அக்கா மட்டும்தான். வராதவர்கள் முந்தின இரவு 9 மணிக்குள் இங்கே எழுதிவிடுங்கள்.

மேடவாக்கத்தில் வண்டி 3 நிமிடம்தான் நிற்கும். அதற்கு மேல் நின்றால் சோழிங்கநல்லூர் சிக்னல் என்ன செய்யும் என்று தெரியும்தானே.

வசூல் இந்த மாதமும் என்னிடமே. 5ஆம் தேதிக்குள் ஜிபே செய்துவிடுங்கள். லீவு போட்டாலும் உங்கள் சீட்டுக்கான வாடகைப் பங்கு உண்டு. வாடகை மாதக் கணக்கு. அடுத்த மாதம் இந்த வசூல் வேலையை யாராவது வாங்கிக்கொண்டால் கும்பிடு!

அப்புறம், சாயங்காலம் சிறுசேரியில் தலை எண்ணுவது கடைசி சீட்டுத் தம்பிகள். போன வாரம் ஒருவரை விட்டுவிட்டு நாவலூர் வரை வந்துவிட்டோம்.