அது ராணி கோட்டை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்புல அயர்லாந்து பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல க்ளென்வே தேசியப் பூங்கா படத்துக்குக் கீழ "ஊதாப் பூக்கள் சூழ்ந்த ராணி கோட்டை"ன்னு இருந்துச்சு. ராணியும் தப்பு, அந்த ஊதாப் பூவைப் பெருமையா சொன்னதும் தப்பு. நான் இப்ப டப்ளின்ல மக வீட்லதான் இருக்கேன், ஜூன் மாசம் அந்தப் பூங்கா இருக்குற டோனிகால் மாவட்டத்துக்குப் போயி ஒரு முழு நாள் அந்தக் கோட்டைத் தோட்டத்துலயே கிடந்துட்டு வந்தவ, அதான் எழுதாம இருக்க முடியல.

அங்க எந்த ராணியும் வாழல. ஜான் ஜார்ஜ் அடேர்னு ஒரு நிலச்சுவான்தார் 1870 வாக்குல கட்டினது, பாக்கத்தான் பழங்காலத்துக் கோட்டை மாதிரி இருக்கும், ஆனா சண்டைக்காகக் கட்டினது இல்ல. ஆனா அதைக் கட்டுறதுக்கு முன்னாடி 1861 ஏப்ரல்ல அந்த ஆளு என்ன பண்ணாருன்னா, தன்னோட மேனேஜரைக் கொன்னுட்டாங்க, ஆடு காணாம போகுதுன்னு பழியை ஊர் மொத்தத்து மேலயும் போட்டு, போலீஸ், பட்டாளத்தோட வந்து 244 பேரை வீட்டை விட்டுத் தொரத்திட்டாரு, திரும்பி வந்துடக் கூடாதுன்னு சில வீட்டுக் கூரையையும் பிரிச்சுப் போட்டாங்க. கொஞ்சம் பேரு பக்கத்து ஊரான லெட்டர்கென்னியில கதியில்லாத ஏழைகளை வேலை வாங்கிக்கிட்டு வெச்சிருந்த விடுதிக்குப் போனாங்க, இளவட்டங்கள்ல பல பேரு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. உங்க ஒரு பக்கக் கட்டுரையில இதுக்கு ஒரு வரி கூடவா இடமில்ல?

தோட்டம் அவரோட மனைவி கார்னீலியா ஆரம்பிச்சது. அமெரிக்காக்காரங்க, புருஷன் போனப்புறமும் வந்து இருந்து பாத்துக்கிட்டாங்க. 1937-ல ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஹென்றி மெக்கில்ஹென்னி வாங்கி, இன்னிக்கு நாம பாக்குற அழகுல பாதிக்கு மேல அவரு காலத்துலதான் வந்துச்சு, நிலத்தை 1975-ல அரசாங்கத்துக்கு வித்துட்டு அப்புறம் கோட்டையையும் தோட்டத்தையும் சும்மாவே குடுத்துட்டாரு. மதில் வெச்ச தோட்டம்தான் எனக்கு உசுரு, காய்கறியும் பூவும் ஒண்ணா வெச்சிருக்காங்க, கொல்லையா பூங்காவான்னே தெரியாது. வெளிய வந்தா மலையெல்லாம் மொட்டையா கருகருன்னு சதசதன்னு கிடக்கு, உள்ள என்னடான்னா ஆளு ஒசரத்துக்குப் பெரணி மரம், கடல் காத்து குளிரை அடக்கி வெக்கிறதால தாக்குப் பிடிக்குதாம். பெல்ஜியன் வாக்னு ஒரு பாதை, முதல் உலகப்போர்ல காயம்பட்டு அங்க தங்கி உடம்பு தேத்திக்கிட்ட பெல்ஜியம் சிப்பாய்ங்க போட்டது. 67 படி ஒண்ணு இருக்கு, முழங்கால் வலின்னு வீட்டுக்காரர் கீழயே உக்காந்துட்டாரு, நான் எண்ணிக்கிட்டே ஏறினேன், நடுவுல மூச்சு வாங்கினதுல கணக்கு விட்டுப் போச்சு. மேல போனா ஏரி பூரா தெரியுது. ஏரியை ஒட்டி ஒரு வீடு கூட இல்ல, கோட்டை மட்டும். நல்லா இருக்குன்னு நினைச்ச கையோட அந்த 244 பேரு ஞாபகம் வந்துருச்சு.

அந்த ஊதாப் பூ விஷயம். நானும் முதல்ல மயங்கி இருபது போட்டோ எடுத்தேன், அங்க வேலை பாக்குற ஒருத்தர் சிரிச்சுட்டு, அம்மா நீங்க படம் எடுக்குறீங்க, நாங்க அதை வெட்டி மாளலன்னாரு. அந்தச் செடி பேரு ரோடோடெண்ட்ரான் பான்டிகம், அழகுக்குக் கொண்டு வந்து வெச்சது காட்டுக்குள்ள பூந்துருச்சு, நிழல்ல ஓக் மரத்துக் கன்னு ஒண்ணும் முளைக்க விடாது, இலையில விஷம் இருக்கறதால ஆடு மானும் சீண்டாது. நம்ம ஊரு உண்ணிச்செடி கதைதான். தோட்டத்துக்குள்ள வெச்சு வளக்குற மத்த ரோடோடெண்ட்ரான் வேற, அதுல தப்பில்ல.

போறவங்களுக்கு ஒண்ணு, கார் நிறுத்துற இடத்துலேருந்து கோட்டை 4 கிலோமீட்டர் போல, பஸ் இருக்கு, ஆனா போகும்போதாவது ஏரிக்கரையோட நடங்க. மிட்ஜ்னு ஒரு பொடிக்கொசு காத்து நின்னாப் போதும் காதுக்குள்ளயே வரும், எனக்கு இன்னும் கழுத்துல தடிப்பு அடங்கல. அடுத்த வாரம் திருத்தம் போட்டா அந்த 1861-ஐயும் சேத்துப் போடுங்க, படம் என்னவோ நல்ல படம்தான்.

இப்படிக்கு,
மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு வாசகி, டப்ளின்