பார்க்கிங்கில் சார்ஜர் கேட்பவருக்கு என்ன பதில்? குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கட்டடங்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். சில ஆண்டுகளாக எனக்கு வரும் அழைப்புகளில் பலவும் ஒரே கேள்வியோடு வருகின்றன: மின்சாரக் கார் வாங்கிவிட்டேன், என் பார்க்கிங் இடத்தில் சார்ஜர் வைத்துத் தர முடியுமா? கேபிள் எந்த வழியாக வர வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதையெல்லாம் இடத்தைப் பார்த்த அன்றே சொல்லிவிடலாம். வேலை நிற்பது சங்கத்தின் தடையில்லாச் சான்றில். மனு கொடுத்தவருக்குப் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று ஒரு பதில் வரும். அப்புறம் ஒன்றும் வராது. அதனால்தான் வீட்டுக்காரரை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. அடித்தளத்தில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு, இருக்கிற மின் இணைப்பு தாங்குமா, ஒருவர் காருக்கு ஓடும் மின்சாரத்துக்கு மற்றவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் கேட்பார்கள். சரியான பதில் கையில் இல்லாதபோது 'இப்போதைக்கு வேண்டாம்' என்பது பாதுகாப்பான தீர்மானமாகத் தெரியும். ஆனால் கார் வாங்கியாகிவிட்டது. இரவில் அது எங்கிருந்தாவது மின்சாரம் எடுக்கத்தான் போகிறது. எங்கிருந்து என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, அவரே தீர்மானிக்கட்டும் என்று விடுகிறீர்களா?

அவரே தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மோட்டார் அறைக்கு வெளியே, சில்லறை வேலைக்காக என்று ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். காரோடு வந்த போர்ட்டபிள் கேபிளை அதில் செருகுவார்கள். தூரம் எட்டாவிட்டால் நடுவில் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர். எப்போதாவது ஒரு டிரில்லிங் மெஷினைச் சில நிமிடம் ஓட்டத்தான் அந்த சாக்கெட்டைப் பொருத்தியிருப்பார்கள். எட்டு மணி நேரம் விடாமல் 16 ஆம்பியர் கொடுப்பது அதன் வேலையே இல்லை. உள்ளே ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் மின்தடை கூடிவிடும். வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு இரவு முழுக்க எரியவிட்ட மாதிரிதான். எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் அளவை மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், டிரிப் ஆகாது, ஏனென்றால் மின்னோட்டம் அளவை மீறவே இல்லை. ஷார்ட் சர்க்யூட்டும் இல்லை, கசிவும் இல்லை. பிளாஸ்டிக் உருகி வாடை வரும்வரை எந்தக் கருவிக்கும் இது தெரியாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் இன்னும் மோசம். சூடு வெளியேற வழியில்லாமல் வயரின் மேலுறை இளகத் தொடங்கும்.

கார் தீப்பிடிக்குமா என்றுதான் கூட்டங்களில் பேச்சு ஓடுகிறது. பேட்டரித் தீ அணைக்கக் கடினமானது, அணைந்த பிறகும் மீண்டும் பற்றக்கூடியது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வேலையில் நான் கருகிப் பார்த்தவையெல்லாம் சாக்கெட்டும் பிளக்கும்தான். ஒருவர் எந்தக் கார் வாங்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. சுவரில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

இருசக்கர வாகனங்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். பார்க்கிங்கில் சார்ஜ் செய்யக்கூடாது என்று பலகை வைத்தால், கழற்றக்கூடிய பேட்டரி லிஃப்டில் ஏறி வீட்டு ஹாலுக்குப் போகும். வாசற்கதவுக்குப் பக்கத்தில், கிடைத்த சார்ஜரோடு, எல்லோரும் தூங்கும்போது ஏறிக்கொண்டிருக்கும். நியூயார்க் நகரத்தில் 2023இல் லித்தியம் அயன் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகள். அதே ஆண்டில் அந்த நகரம் பாதுகாப்புச் சான்று இல்லாத பேட்டரிகளை விற்கத் தடை போட்டது. கீழே காற்றோட்டமான ஓரிடத்தில் ஸ்கூட்டர்களுக்கு என்று முறையான நான்கைந்து பாயின்ட் வைத்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. கார் சார்ஜர்களுக்கு முன்பே அதைச் செய்தாலும் சரிதான்.

இனி, சுவரில் மாட்டும் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். லைனில் வரும் ஏ.சி. மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டி.சி. மின்சாரமாக மாற்றி அனுப்பும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் பொருத்தும் பெட்டி ஒரு காவல்காரன் மட்டுமே. துப்பாக்கி போன்ற அந்த பிளக்கைக் காரில் செருகியதும் மின்சாரம் பாயாது. பெட்டியும் காரும் முதலில் ஒரு சின்ன சிக்னல் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். ஐ.ஈ.சி. 61851 என்ற சர்வதேசத் தரம் இந்தப் பேச்சை வகுத்திருக்கிறது. எர்த் இணைப்பு இருக்கிறதா, பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதியான பிறகுதான் உள்ளே இருக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் இணைந்து மின்சாரத்தை விடும். பிளக்கைப் பிடுங்க முயன்றால் முதலில் மின்சாரம் நின்றுவிடும். இதோடு, அந்த நொடியில் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதையும் பெட்டி காரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். 32 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும் காரை 6 ஆம்பியருக்குக் குறைக்கச் சொன்னால் அது சில நொடிகளில் குறைத்துக்கொள்ளும். மோட்டார் அறைப் பக்கத்து பிளக் பாயின்ட்டுக்கு இந்த வித்தை தெரியாது.

லோடு பற்றிய உங்கள் கவலைக்கு இதிலேயே வழி இருக்கிறது. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட் வரும். நூறு கார்கள் இருக்கும் குடியிருப்பில் யாராவது கால்குலேட்டரைத் தட்டி, '740 கிலோவாட் வேண்டும், புது டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நடக்காது' என்று சொன்னதும் கூட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கார் எவ்வளவு ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும் நடுத்தரக் கார் ஏழு யூனிட் போலத்தான் செலவழிக்கும். இழப்பைச் சேர்த்து எட்டு யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும் நூறு கார்களுக்கு 800 யூனிட். அவை இரவில் பத்து மணி நேரம் சும்மா நிற்கின்றன. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடுவது, ஆகவே சராசரியாக 80 கிலோவாட் போதும். முதலில் சொன்ன கணக்கில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! அதுவும் நூறு கார்களும் ஒரே நாளில் மின்சாரமானவை, ஒன்று விடாமல் தினமும் சார்ஜுக்கு வருகின்றன என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

இந்த 80 கிலோவாட்டைப் பங்கிட்டுக் கொடுப்பதற்குப் பெயர் லோடு மேனேஜ்மென்ட். கட்டடத்துக்குள் வரும் மெயின் கேபிளில் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. காயில்களை மாட்டுவோம். மாலையில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஏசிகளும் சேர்ந்து ஓடும்போது கார்களுக்குப் போவது தானாகக் குறையும். நள்ளிரவுக்கு மேல் கட்டடம் தூங்கும்போது கூடும். காலையில் எல்லாக் கார்களும் தேவையான அளவு ஏறியிருக்கும். ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி அட்டவணை எழுதி ஒட்ட வேண்டியதில்லை. இதை விற்க வருபவரிடம் ஒன்று மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள்: கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினால் சார்ஜர்கள் என்ன செய்கின்றன? குறைந்த அளவுக்கு இறங்கினாலும் நின்றுவிட்டாலும் நல்ல அமைப்பு. கடைசியாகச் சொன்ன ஆம்பியரிலேயே தொடர்ந்து ஓடினால் அவரை அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாக 'சரி' என்று விட்டுவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கேட்ட ஐந்து பேர் ஆளுக்கொரு கேபிளை மீட்டர் அறையிலிருந்து இழுத்து, ஆளுக்கு 7.4 கிலோவாட் வாங்கிக்கொண்டால் கட்டடத்தில் மிச்சமிருந்த லோடு தீர்ந்துபோகும். ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டிவரும், அவரும் அதே பராமரிப்புக் கட்டணம் கட்டுபவர்தான். கேபிள் தட்டும் ஐந்து நிறக் கம்பிகளின் காடாக மாறியிருக்கும். ஐந்து எலக்ட்ரீஷியன்களும் தற்செயலாக ஒரே பேஸில் இணைத்திருந்தால் அந்த பேஸ் திணறும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். பொது முதுகெலும்பாக ஒரு தடித்த மூன்று பேஸ் லைனை பார்க்கிங் நெடுகக் கொண்டுபோய், அங்கங்கே கிளைப்பெட்டி வைத்துவிட்டால், யார் எப்போது கார் வாங்கினாலும் பக்கத்துப் பெட்டியிலிருந்து சில மீட்டர் கேபிள் போதும். இந்த முதுகெலும்பு சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும், கிளைக்கான செலவு கார்காரருடையது. இன்று ஒரே ஒரு மின்சாரக் கார்தான் இருக்கிறது என்றாலும் வரைபடத்தை இன்றே போட்டுவிடலாம்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி சர்க்யூட், தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் டைப் ஏசி வகை இதற்கு ஆகாது. காரிலிருந்து டி.சி. கசிவு வந்தால் அந்த வகை மரத்துப்போய், ஆளுக்கு ஷாக் அடிக்கும்போதுகூட டிரிப் ஆகாமல் இருந்துவிடலாம். 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள் இருந்தால் டைப் ஏ போதும், இல்லாவிட்டால் டைப் பி போட வேண்டும். கேபிளின் தடிமனைத் தூரத்தை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள்: 50 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் 32 ஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் போல வழியிலேயே போய்விடும், 10 சதுர மி.மீ. போட்டால் 6 வோல்ட். மணிக்கணக்கில் ஓடும் லோடு என்பதால் அமெரிக்க மின் விதிகளில் 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் தாங்கும் சர்க்யூட் கேட்கிறார்கள். அடித்தளத்தில் மழைநீர் புகும் என்றால் பெட்டியைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். படிக்கட்டு வாசலை ஒட்டி எந்த சார்ஜரும் வேண்டாம். தீயணைப்பு வீரர் உள்ளே போகாமலேயே எல்லாவற்றையும் அணைக்க, சாய்தளத்தின் மேல்முனையில் ஒரே சுவிட்ச் இருக்கட்டும். வேலை முடிந்ததும் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் தெர்மல் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஸ்க்ரூ அதில் தப்பாது.

மற்ற நாடுகளில் சட்டம் இந்த விவாதத்தை ஓரளவு முடித்தே வைத்துவிட்டது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்திருத்தப்படி, அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சார்ஜருக்கான வசதியை உரிமையாகவே கேட்கலாம். எப்படி அமைப்பது என்பதைத்தான் மற்ற உரிமையாளர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள், கூடாது என்று தீர்மானம் போட முடியாது. கலிஃபோர்னியாவில் முழுமையான மனு கிடைத்து 60 நாட்களுக்குள் சங்கம் எழுத்து மூலம் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். அங்கே செலவும் பொறுப்பும் சார்ஜர் வைப்பவருடையவை, உரிமம் பெற்றவரைக் கொண்டுதான் வேலையைச் செய்ய வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

பணக் கணக்கு உண்மையில் எளிது. அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே லைன் இழுத்தால் சங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் பத்தாவது மாடி மீட்டர் பத்தாவது மாடியிலேயே இருக்கும் கட்டடங்களில் இது நடக்காது. பொது லைன் என்றால் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முத்திரையிட்ட சப் மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டை மாதாமாதம் பராமரிப்பு பில்லில் சேர்த்துவிடலாம். கார்டு தேய்த்துத் திறக்கும் சார்ஜர் வாங்குவதானால் ஓ.சி.பி.பி. என்ற பொது நெறிமுறையில் பேசுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் விற்றவர் கடையை மூடும் நாளில் உங்கள் பில் கணக்கும் சேர்ந்து மூடும்.

அடுத்த செயற்குழுவில் செய்ய வேண்டியது இவ்வளவே. கட்டடத்தின் மெயின் லைனில் இரண்டு வாரம் லோடு பதிவு செய்யும் மீட்டர் ஒன்றை மாட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எடுத்துவிடுங்கள். அந்தத் தாளைப் பொதுக்குழுவில் வைத்து முதுகெலும்பு லைனுக்குத் தீர்மானம் போடுங்கள். மனு செய்கிறவரிடம் மெயினிலிருந்து சார்ஜர்வரை இணைப்புகளை ஒற்றைக் கோட்டில் காட்டும் மின் வரைபடம், வேலை செய்யப்போகிறவரின் உரிம நகல், சார்ஜரின் தரச் சான்று, வேலை முடிந்தபின் சோதனை அறிக்கை தருவதாக ஓர் உறுதிமொழி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது இல்லாவிட்டால் என்ன குறைகிறது என்று எழுதி, தேதி போட்டுத் திருப்பி அனுப்புங்கள். எல்லாம் இருந்தால் எத்தனை நாளில் சான்று கிடைக்கும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வயரிங் வேலை செய்யும் ஒருவன்