லாம்ப்டன் வயல்வெளியில் எங்களைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

சென்ற தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சார்னியாவில் என் தங்கையின் வீட்டிலிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நானும் என் மனைவியும் எழுபத்தொரு வயதான மாமியும் 402ஆம் நெடுஞ்சாலையில் பனிக்காற்றில் அகப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் காருக்குள் இருந்து, பின்னர் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் இரவைக் கழித்தோம். அன்று உதவியவர்களில் முகவரி தெரிந்த அனைவருக்கும் ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அதே சாலையில் போய்வரும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதுதான்.

முதல் நன்றியை, அன்று நான் மதிக்காமல் விட்ட கனேடியச் சுற்றாடல் அமைச்சின் வானிலை முன்னறிவிப்பாளர்களுக்குச் சொல்வதே முறை. காலையில் அவர்கள் வெளியிட்ட அறிவிப்பில் எல்லாமே இருந்தது. வெப்பநிலை மறை 14 பாகை செல்சியஸ், வடமேற்குக் காற்று மணிக்கு 50 கிலோமீற்றர், இடையிடையே 70 வரை வீசும், காற்றோடு சேர்ந்த குளிர் மறை 27, சில இடங்களில் பனி காற்றில் பறக்கும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் கண்டதோ "2 சென்ரிமீற்றர்" என்ற எண்ணை மட்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசலில் பனி வழித்தவனுக்கு இரண்டு சென்ரிமீற்றர் ஒரு பொருட்டா என்ற எண்ணம். கைபேசியில் ராடர் படத்தையும் பார்த்தேன். எங்கள் பாதையின் மேல் ஒரு புள்ளிகூட இருக்கவில்லை. தரையை ஒட்டிப் பறக்கும் பனி ராடர் கதிருக்குக் கீழாகவே போய்விடும், படம் வெறுமையாக இருப்பதால் சாலையும் தெளிவாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது என்பதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன்.

நம் வழக்கில் பனி என்பது மேலிருந்து இறங்குவது. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்று சொல்லும்போதும் நம் மனத்தில் அந்தத் திசைதான் இருக்கிறது. சார்னியாவைச் சூழ்ந்த லாம்ப்டன் பகுதியில் பனி தரையிலிருந்து எழும்புகிறது. ஆழம் குறைந்த ஈரி ஏரி பெரும்பாலும் உறைந்துவிடும் காலத்திலும் ஹூரோன் ஏரியின் பெரும்பகுதி திறந்த நீராகவே கிடப்பதுண்டு. அதன்மேல் வரும் கடுங்குளிர் காற்று ஈரத்தை முகந்துகொண்டு கரையேறி, குறுகிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. ஓர் ஊரில் வெயில் எறிக்கும், பத்துக் கிலோமீற்றர் தள்ளி முன்னால் போகும் வண்டியின் விளக்குக்கூடத் தெரியாது. கொட்டிய பனி சோளமும் சோயாவும் அறுத்த தட்டை வயல்களில் நாட்கணக்காகக் கிடக்க, அடுத்த பெருங்காற்று அதையே வாரிச் சாலைக்குக் குறுக்காக எறிகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றும், 400 மீற்றருக்கு மேல் பார்வை எட்டாத நிலையும் நான்கு மணி நேரம் நீடித்தால் அதுவே பனிப்புயல். அதற்கு வானத்திலிருந்து புதிதாக ஒரு துகளும் விழ வேண்டியதில்லை.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபோது மணி மூன்றரை இருக்கும். பனித்துகள் கதவில் உராயும் ஓசை, யாரோ வெளியே இடைவிடாமல் அரிசி புடைப்பதைப் போல இருந்தது. கதவின் இறப்பர் விளிம்பில் எந்த இடைவெளியும் என் கண்ணுக்குப் படவில்லை. ஆனாலும் மாமியின் காலடியில் மா சலித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

அவசர உதவி எண்ணான 911இல் என் அழைப்பை எடுத்த அம்மையார், மூன்று முறை நான் கூப்பிட்டபோதும் முதல் தடவை பேசிய அதே பொறுமையுடன் பேசினார். இயந்திரத்தை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடச் சொன்னதும், மாமியின் நீரிழிவு மருந்து பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டதும் அவரே. நெடுஞ்சாலையை மூடி, வண்டி வண்டியாக நடந்து ஆட்களை எண்ணிய ஒன்ராறியோ மாகாணப் பொலிசாருக்கும், சம்பளத்தை நோக்காமல் அந்தக் குளிரில் வந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்பாளர்களுக்கும் எங்கள் நன்றி.

இருட்டிய பின், எங்களை நெடுஞ்சாலையிலிருந்து தம் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்ற விவசாயிக்கும் அவருடைய மனைவியாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னமும் சரியாகத் தெரியவில்லை. காரிலிருந்து உழவு இயந்திரம் வரை இருபது அடிதான். அதற்குள் மாமியின் சேலைக் கரை உறைந்து பனைமட்டைபோல விறைத்துவிட்டது. நான் அவருடைய கால்விரல்களைத் தேய்க்கப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். குளிரில் மரத்த தோலைத் தேய்த்தால் புண்ணாகிவிடும் என்று சொல்லி, தம் முழங்கையால் சூடு பார்த்த இளஞ்சூட்டு நீரில் கால்களை வைத்து, நிறம் திரும்பும்வரை தரையிலேயே அமர்ந்திருந்தார். காற்றோடு சேர்ந்த குளிர் மறை 28ஐ எட்டினால் வெறுந்தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்கிறார்கள். நாங்கள் அந்த வரம்பின் ஓரத்தில் நின்றிருக்கிறோம்.

மாமி செவ்வாய்க்கிழமையில் மச்சம் சாப்பிடுவதில்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் காரணம் எதுவும் கேட்காமல் உருளைக்கிழங்கை அவித்து வெண்ணெயும் உப்பும் போட்டுத் தந்தார். 2010 டிசம்பரில் இதே சாலையில் 300க்கும் மேற்பட்டோர் சிக்கி, இராணுவ உலங்கு வானூர்திகள் வந்து மீட்க நேர்ந்தபோதும் இந்த வீட்டில் ஆட்கள் தங்கினார்களாம். அப்போது பதினொரு பேர், நீங்கள் மூன்றே பேர் என்று விவசாயி சொன்னார். இடப்பற்றாக்குறை இல்லை என்பதை எங்களுக்கு உணர்த்தத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். மாமிக்கு அணிவித்த கம்பளிக் காலுறைகளைத் திருப்பி வாங்கவும் அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடியுமுன் சாலையைத் திறந்த பனி அகற்றும் வண்டிச் சாரதிகளை நாங்கள் காணவே இல்லை. அவர்கள் வழித்த பனி இரு புறமும் என் தோளுயரத்துக்கு நின்றதை மட்டும் கண்டோம்.

முகவரி தெரியாத இன்னொருவர் இருக்கிறார். எங்களுக்கு முன்னால் நின்ற நீல நிற லொறியின் சாரதி, தலைப்பாகை அணிந்த பஞ்சாபி இளைஞர், நின்ற அரை மணிக்குள் இறங்கி வந்து எங்கள் கண்ணாடியைத் தட்டினார். காரின் புகைபோக்கியைப் பனி மூடிவிட்டால் நச்சுப்புகை உள்ளே திரும்பும் என்பது எனக்கு நினைவில் இருக்கவில்லை. அவர் வெறுங்கையாலேயே அதைத் தோண்டித் திறந்து, ஒரு சிறு மண்வெட்டியையும் தந்துவிட்டுப் போனார். அதன் பின் நான் நான்கு முறை இறங்கி அந்த வாயைத் துப்புரவாக்கினேன். உழவு இயந்திரத்தில் ஏறிய அவசரத்தில் மண்வெட்டி எங்கள் காரிலேயே தங்கிவிட்டது. சிவப்புப் பிடி, நுனியில் கறுப்பு நாடா சுற்றியது. அவரை அறிந்தவர் எவரேனும் இதைப் படித்தால், அது பத்திரமாக ஸ்காபரோவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.