குடும்ப வரலாற்றைப் புத்தகமாக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கோப்புகள் முழுவதையும் பார்த்தேன். சான்றிதழ் நகல்கள், பேட்டிக் குறிப்புகள், படங்கள், கொடிவழிப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. இனித் தேடலை நிறுத்த ஒரு தேதி குறி. அதற்குப் பிறகு கிடைப்பவை அடுத்த பதிப்புக்கு என்று தனி உறையில் கிடக்கட்டும். தேடிக்கொண்டே எழுதினால் முதல் அதிகாரமே முடியாது. ஒவ்வொரு புதுத் தாளும் அதைத் திருத்தச் சொல்லும்.

அடுத்து, எல்லை கட்டு. உன்னிலிருந்து மேலே போனால் கணக்கு எளிது: பெற்றோர் 2, பிறகு 4, 8, 16. உன்னையும் சேர்த்து ஐந்து தலைமுறைக்கு 31 பேர்தான். ஒரு மூத்த தம்பதியிலிருந்து கீழே இறங்கினால் அப்படியில்லை. ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்றாலே 4, 16, 64 என்று மூன்று தலைமுறையில் 84 பேர், மருமக்கள் தனி. இருந்தாலும் கீழே இறங்கும் வழியைத்தான் நான் சொல்வேன். புத்தகத்தைக் கையில் வாங்கும் ஒவ்வொரு உறவினரும் முதலில் தன் பெயரைத்தான் தேடுவார். ஆனால் அதிகாரமாக எழுதுவது மூத்த தம்பதியையும் அவர்கள் பிள்ளைகளையும் மட்டும். மற்றவர்கள் பின்னிணைப்பில் ஆளுக்கு இரண்டு வரியாக வரட்டும்.

கிளைகளுக்கு 1, 1.2, 1.2.3 என்று எண் போடுவது வாசகருக்குச் சட்டென்று விளங்கும்: 1.2.3 என்றால் இரண்டாம் பிள்ளையின் மூன்றாம் பிள்ளை. இதில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்து சில நாளில் இறந்துபோன ஒரு குழந்தையைப் பற்றி நடுவில் தெரியவந்தால், அதற்குப் பின் பிறந்தவர்கள், அவர்கள் சந்ததி அத்தனை பேரின் எண்ணும் மாறிவிடும். ஆகவே உன் கோப்புகளில் ஆளுக்கு மாறாத ஓர் அடையாள எண் வைத்துக்கொள். கிளை எண்ணை அச்சுக்குப் போகும் முன் போட்டால் போதும். உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார். ஓரிடத்தில் முழுமையாக எழுதி, மற்ற இடத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடு.

எழுதுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு காலவரிசைத் தாள் வேண்டும். ஆண்டு, நிகழ்ச்சி, இடம், எந்த ஆதாரம், எவ்வளவு நம்பலாம் என்று ஐந்து கட்டம். அலுப்பான வேலைதான், ஆனால் பிழைகள் இங்கேதான் மாட்டும். தாய்க்குப் பன்னிரண்டு வயதில் பிள்ளை, தந்தை இறந்து இரண்டு ஆண்டு கழித்துப் பிள்ளை, ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் என்று தாளில் வந்தால், பெரும்பாலும் ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கியிருக்கிறோம் என்று பொருள். தாத்தா பெயர் பேரனுக்கும், இறந்த குழந்தையின் பெயர் அடுத்த குழந்தைக்கும் வைக்கப்பட்ட குடும்பங்களில் இது ஓயாமல் நடக்கும்.

வயதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது நிதானம் தேவை. 1931 மார்ச்சில் வயது 40 என்றால் பிறப்பு 1890 ஆகவும் இருக்கலாம், 1891 ஆகவும் இருக்கலாம். வயது 40, 45, 50 என்று முழு எண்ணாக இருந்தால் இன்னும் சந்தேகப்படு. குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும். அப்போது "சுமார் 1890" என்றே அச்சாகட்டும். இறப்புச் சான்றிதழ் இறந்த தேதிக்கு நல்ல ஆதாரம், பிறந்த தேதிக்கு அல்ல. அதைச் சொன்னவர் பெரும்பாலும் அந்தப் பிறப்பின்போது பிறந்தே இருக்கமாட்டார். வாய்மொழித் தகவலுக்கு யார் சொன்னார், எந்த ஆண்டு, கண்டதா கேட்டதா என்ற மூன்றையும் குறி. இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் கொடு. எதை ஏற்றாய், ஏன் என்று ஒரு வரி எழுது. அடிக்குறிப்பை அந்த வாக்கியத்தை எழுதும்போதே போட்டுவிடு, கண்ணு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தத் தாளிலிருந்து வந்தது என்பது மறந்தே போகும்.

அதிகாரத்தை ஒரு தம்பதிக்கு ஒன்றாக வைத்துக்கொள். 1,500 முதல் 2,500 சொல் போதும். "இந்த ஆண்டில் பிறந்தார்" என்று தொடங்காதே. ஊர் மாறியது, தொழில் மாறியது, ஒரு மரணம் வீட்டைத் திருப்பிப்போட்டது என்று வாழ்க்கை திரும்பிய இடத்தில் தொடங்கு. அவர்கள் பேசாத பேச்சை, உனக்குத் தெரியாத மனநிலையை எழுதாதே. ஊகம் என்றால் "இருந்திருக்கலாம்" என்று சொல்லி, அப்படி நினைக்கக் காரணத்தையும் வை. தாத்தா, மாமா, பெரியம்மா போன்ற சொற்களைக் கதைக்குள் தவிர்த்துப் பெயரையே எழுது. உனக்குப் பெரியம்மா, படிக்கிற இன்னொருவருக்குப் பாட்டி. நாலாவது பக்கத்தில் குழம்பிவிடுவார்கள்.

உயிரோடிருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். தத்து, பிரிவு, வழக்கு போன்றவை வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்.

படங்கள் அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். இரண்டு அங்குலப் படத்தை ஆறு அங்குலமாகப் பெரிதாக்கப் போகிறாய் என்றால் 900 புள்ளியில் ஸ்கேன் செய். டிஃப் கோப்பாகச் சேமி. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் குறையும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதே, அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். மென்மையான பென்சிலால் எழுது.

எழுத்துரு முழுக்க யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை இப்போதே மாற்றிவிடு. இல்லாவிட்டால் பக்கமாக்கும்போது கொம்பும் காலும் சிதறும். அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதித்துக் கொடு. யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பெயரடைவைப் பக்கங்கள் இறுதியான பிறகுதான் தயாரிக்க வேண்டும். ஒரு பத்தி நகர்ந்தாலும் எண்கள் பொய்யாகிவிடும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களை இரண்டு பெயரிலும் சேர்.

முதலில் ஐந்து பிரதி மட்டும் எடுத்து, கையில் பென்சிலோடு பெரியவர்களிடம் கொடு. ஒரு மாதம் கெடு வை. திருத்தங்களைச் சேர்த்த பிறகு மொத்தப் பிரதிகளுக்குப் போகலாம்.

மூத்த தம்பதியின் காலவரிசைத் தாள்கள் இரண்டையும் முதலில் அனுப்பு. சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா