அழாத பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அப்பா அம்மாவின் திடீர் மரணத்தைப் பேசும் குடும்பப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். பல இடங்களில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் ‘மான்செஸ்டர் பை தி சீ’ (2016) பற்றிய பத்தியில் ஓர் இடம் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அப்பா இறந்த அன்று இரவே நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பேசிக்கொண்டிருக்கும் பையனோடு தன்னால் ஒட்ட முடியவில்லை, அவன் உடைந்து அழ இவ்வளவு நாள் ஆவது நம்பும்படி இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஓர் இடத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் படத்திலேயே ரொம்ப நிஜமானவன் அந்தப் பையன்தான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, எங்கள் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. படுக்கையில் கிடக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ வேலை அவசரத்தில், “சரி வை, அப்புறம் பேசறேன்” என்று நான்தான் பாதியில் நிறுத்தினேன். நாலரைக்கு அண்ணன் கூப்பிட்டான். மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்று எனக்கு அழுகை வரவில்லை. யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் பெயர்களை வரிசையாக எழுதினேன். சொல்லி முடித்த பெயரை ஒவ்வொன்றாக அடித்தேன். சித்திக்குப் போனில் வழி சொன்னேன். யாரோ வந்து அம்மாவின் பிறந்த தேதியைக் கேட்டார்கள், பட்டென்று சொன்னேன். இரவு நானும் அண்ணனும் சின்ன வயதுக் கதை ஒன்றைப் பேசி வாய்விட்டுச் சிரித்தோம். பக்கத்து அறையில் அப்பா விழித்திருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. “இவளுக்குக் கல் மனசு” என்று உறவுக்காரர் ஒருவர் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. இன்றுவரை அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்தபோது அதே குரலைத் திரும்பக் கேட்டது போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து அண்ணன், யாருடைய நம்பரையோ எடுப்பதற்காக அம்மாவின் போனைத் தேடியெடுத்துச் சார்ஜ் போட்டான். இரவு எட்டு மணிக்கு அதில் அலாரம் அடித்தது. ரத்த அழுத்த மாத்திரைக்காக அம்மாவே வைத்துக்கொண்ட அலாரம். நான் ஏதோ துணியை மடித்துக்கொண்டிருந்தவள், பழக்கத்தில், “அம்மா, மாத்திரை!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன். கொடுத்த குரல் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு நான் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியாது. அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அலாரத்தை நிறுத்தவில்லை. அது அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கென்னத் லோனர்கன் இயக்கிய அந்தப் படத்தில் பையனுக்கு நடப்பதும் இதுதான். கடுங்குளிரில் மண் உறைந்து கிடக்கிறது, குழி தோண்ட முடியாது. அதனால் வசந்தம் வரும்வரை அப்பாவின் உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அது கூடாது என்கிறான் பையன். வழியில்லை என்றதும் அடங்கிப்போகிறான். பிறகு ஒரு நாள் இரவு அவன் வீட்டு ஃப்ரீசரைத் திறக்கிறான். உறைந்த இறைச்சிப் பொட்டலங்கள் சரிந்து விழுகின்றன. திரும்ப உள்ளே திணிக்கிறான், கதவு மூட மாட்டேன் என்கிறது. அங்கேதான் உடைகிறான். அப்பா கிடப்பது எப்படிப்பட்ட இடத்தில் என்பது அவனுக்கு அந்த நொடியில்தான் புரிகிறது. அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கொடுத்தது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

துக்கத்தின் ஐந்து நிலைகள் எதுவும் படத்தில் ஒழுங்காக வரவில்லை என்பது கட்டுரையின் இன்னொரு குறை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர் ராஸ் 1969-ல் எழுதினார். சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் அதை எழுதினார். உயிரோடு மிஞ்சியவர்களின் துக்கத்துக்கு அது பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு உண்மையாகப் படுவது நெதர்லாந்து ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபெவும் ஹெங்க் ஷுட்டும் 1999-ல் சொன்னது. இழந்தவர் ஒரு நேரம் இழப்பில் மூழ்குவார், ஒரு நேரம் அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலையில் இறங்குவார், இப்படி மாறி மாறிப் போய்வருவார் என்கிறார்கள் அவர்கள். பெயர்ப் பட்டியல் எழுதியதும் நான்தான், மாத்திரைக்குக் குரல் கொடுத்து அழுததும் நான்தான்.

சின்னக் குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லாதது எனக்குக் குறைதான். ‘போனெட்’ (1996) என்ற பிரெஞ்சுப் படத்தை நினைக்காமல் இந்தப் பேச்சை எப்படி முடிப்பது? கார் விபத்தில் அம்மா இறந்துபோக, கையில் மாவுக்கட்டோடு தப்பிய குழந்தை அம்மா வருவாள் என்று காத்திருக்கிறது. பெரியவர்கள் ஒன்று சொல்கிறார்கள், கூட விளையாடும் பிள்ளைகள் வேறொன்று சொல்கிறார்கள், அது எல்லாவற்றையும் நம்பிப் பார்க்கிறது. நடித்த விக்டோரி திவிசோலுக்குப் படப்பிடிப்பின்போது நான்கு வயதுதான். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருதை அந்தக் குழந்தைக்கே கொடுத்தார்கள்.

‘மான்செஸ்டர் பை தி சீ’யில் கடைசிவரை யாரும் தேறவில்லை என்றும் கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். பனிக்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிகிற கதை அது. சில மாதங்கள்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் திருத்தி வெளியிட்ட கையேடுகூட, இறப்பு நடந்து குறைந்தது 12 மாதம் ஆகாமல் பெரியவர்களின் துக்கத்தை நோய் என்று சொல்லக் கூடாது என்கிறது. பிள்ளைகளுக்கு 6 மாதம். மருத்துவர்களே கொடுக்கிற அவகாசத்தை நாம் ஒரு கதைப் பையனுக்குத் தர மாட்டோமா?

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் இன்னொரு முறை அந்த ஃப்ரீசர் காட்சியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பையன் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறான். சித்தப்பா கதவை உதைத்துத் திறந்து உள்ளே வருகிறார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. போகச் சொன்னாலும் போகாமல் அங்கேயே இருக்கிறார்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. இப்படிப்பட்ட படங்களுக்கு விமர்சனம் வெளியிடும்போது, கதையில் திடீர் மரணம் வருகிறது என்று தொடக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். அம்மா போன முதல் வருடம், கலகலப்பான குடும்பப் படம் என்று எழுதியிருந்ததை நம்பி அப்பாவை ஒரு படத்துக்கு அழைத்துப் போனேன். அரை மணி நேரத்தில் படத்தில் வரும் அம்மா சுருண்டு விழுந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை இன்னொரு வருடம் கழித்துப் பார்த்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி