கடைசி நாள் செய்தியால் மலைப் பிள்ளைகளுக்குப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரிப் பக்கத்தில் நன்றாகப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகை, கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, மேற்படிப்பு நுழைவுத்தேர்வு பற்றியெல்லாம் செய்தி போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் ‘விண்ணப்பிக்க நாளை கடைசி நாள்’ என்ற தலைப்பில்தான் அவை வருகின்றன. கோவையில் இருக்கும் மாணவருக்கு அந்த ஒரு நாள் ஒருவேளை போதலாம். பந்தலூரில் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் பெண்ணுக்கு அது துக்கச் செய்தி மாதிரிதான்: தெரிந்துகொள்ளலாம், ஒன்றும் செய்ய முடியாது. மலையில் ஒரு விண்ணப்பம் முழுதாகப் போய்ச் சேர மூன்று வாரம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ‘80 பெர்சன்டைல்’ என்ற நிபந்தனையைப் பலர் 80 சதவீத மதிப்பெண் என்று படித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் தன் வாரியத்தில், தன் பிரிவில் தேறியவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதை விட்டால் இரண்டாம் ஆண்டில் புதிதாகச் சேர வழியில்லை. கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். இப்போது அதற்கு ஆதார் முக அடையாளச் சோதனையும் உண்டு. ஆண்ட்ராய்டு போன், கொஞ்சம் வெளிச்சம், அறுந்துபோகாத சிக்னல் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். மஞ்சூர், கொலக்கம்பை பக்கத்தில் மழை மாதங்களில் இது எப்படி இருக்கும் என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். பதிவு செய்த அன்றே கிடைத்துவிடாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போக வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடும்பமாக இருந்தால் எஸ்டேட் ஆபீசில் சம்பளச் சீட்டும் வாங்கி இணைக்க வேண்டும். பத்து நாள் ஒதுக்கிவைத்தால்தான் நிம்மதி. ஓராண்டுக்குத்தான் அது செல்லும் என்பதால் போன வருடத்துச் சான்றை வைத்து ஏமாறவும் கூடாது.

பணம் வராமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது வங்கிக் கணக்கு. ‘பாங்கில் ஆதார் கொடுத்தாச்சு’ என்பார்கள். கே.ஒய்.சி. என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் கொடுப்பது ஒன்று, அரசுப் பணம் வந்து விழும்படி அந்தக் கணக்கை ஆதாரோடு சீடிங் செய்வது வேறொன்று. ஒரு சமயத்தில் ஒரு கணக்குதான் சீடிங்கில் இருக்கும். நடுவில் போஸ்ட் ஆபீசிலோ வேறு வங்கியிலோ புதுக் கணக்கு தொடங்கும்போது ஒப்புதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் பணம் அங்கே போய்விடும். மாணவர் பழைய பாஸ்புக்கையே மாதாமாதம் பதிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தது இனிஷியல் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணி’, வங்கியில் வெறும் ‘கவிதா’ என்றிருந்தால் எங்காவது ஓரிடத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். இதைச் சரிசெய்வதற்கே ஒரு வாரம் போய்விடும்.

‘சப்மிட்’ அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. கல்லூரியில் இதற்கென உள்ள நோடல் அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவருக்கும் ஒரு கெடு தேதி உண்டு. விண்ணப்பத்தில் குறையிருந்தால் ‘டிஃபெக்ட்’ என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். மாணவர் உள்ளே நுழைந்து பார்த்தால்தான் அது கண்ணில் படும். வாரத்துக்கு ஒருமுறை நிலையைப் பார்ப்பதும், நோடல் அலுவலரை நேரில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. இந்த இணையதளம் ஜூன், ஜூலையில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடுவதுதான் அண்மை ஆண்டுகளின் வழக்கம். செய்தி ஜூலையில் வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். அக்டோபர் கடைசியில் வந்தால் எதற்கும் இருக்காது.

பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவர்களுக்கான பழைய யு.ஜி.சி. உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி நோட்டீஸ் போர்டுகளில் இன்னும் அதன் மஞ்சளேறிய நகல் தொங்குகிறது. அது இப்போது தனித் திட்டமாக இல்லை. முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் இணைந்துவிட்டது. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டு. முழுநேர முதுநிலைப் படிப்பின் முதலாண்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். ரேங்க் சான்று வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட வேண்டாம்.

அறிவியல் மாணவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து வேலை கற்கலாம், உதவித்தொகையும் உண்டு. பயிற்சி கோடையில் என்பதால் மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். விண்ணப்பக் காலம் அக்டோபர், நவம்பர். நமக்கு அது செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும் சேர்ந்து வரும் நேரம். பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் அன்றைய வேலை போயிற்று.

அந்த விண்ணப்பத்தில் எடுபடுவதும் விழுவதும் மாணவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பில்தான். ‘எனக்குத் தாவரவியலில் சிறுவயது முதலே ஆர்வம்’ என்று தொடங்கும் குறிப்பு ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. கோத்தகிரியிலிருந்து எழுதும் மாணவர் தேயிலைக் கொப்புள நோயைப் பற்றி எழுதலாம். மழைக்காலத்தில் இளந்தளிரை மட்டும் அது ஏன் பிடிக்கிறது, வெயில் படும் பாத்தியில் ஏன் குறைகிறது, இதில் எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படி அளக்க நினைக்கிறார் என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பரிந்துரைக் கடிதத்தை இப்போது பல இடங்களில் ஆசிரியரே தன் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. மாணவர் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, மதிப்பெண் விவரத்தையும் தன் குறிப்பையும் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘நல்ல மாணவர், ஒழுக்கமானவர்’ என்று இரண்டு வரிதான் போகும்.

வாசலிலேயே இருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் மலைச்சரிவில் நிற்கிறது. அந்தச் சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றே, 11 பாகை. அதனால் அதை ஒரே அச்சில் திருப்பினாலே விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அதை இயக்கும் ரேடியோ வானியல் மையம், பல்சர்கள் எனப்படும் துடிப்பு விண்மீன்களை மாணவர்களே நோக்கிப் பழகும் முகாமை நடத்தியிருக்கிறது. பழனி மலையில் 1899இல் எழுந்த கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்திலும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கோடைப் பள்ளி நடத்தியிருக்கிறது. இந்த அறிவிப்புகள் அந்தந்த நிறுவன இணையதளத்தில் சத்தமில்லாமல் வந்து போகின்றன. புனேயிலும் கொல்கத்தாவிலும் இருப்பவர்கள் பார்த்துவிட்டு இங்கே வருகிறார்கள். முத்தொரை வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் இயற்பியல் மாணவருக்குத் தெரிவதில்லை.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு பிப்ரவரியில். பதிவு செப்டம்பர், அக்டோபரில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே விடை கொண்ட கேள்விகளில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். பல விடை கொண்டவற்றிலும் எண்ணால் விடை எழுதுபவற்றிலும் கழிவு இல்லை, எனவே அவற்றை வெறுமையாக விடுவது வீண். ஓ.பி.சி. இடத்துக்கு நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று போதாது. மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கும் தாசில்தார் அலுவலகம்தான், அதே நாள் கணக்குதான். தேர்வு மையம் கோவையில் அமைந்து காலை அமர்வாகவும் இருந்தால், விடிகாலை பஸ்ஸை நம்பாமல் முதல் நாளே மலையிறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று. பல விண்ணப்பங்களில் ‘ஹானர்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது தனி வகைப் பட்டம், முதல் வகுப்பைக் குறிப்பதில்லை. நம் அரசுக் கல்லூரிகளில் படிப்பது மூன்றாண்டு இளநிலைப் பட்டம். முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கக் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார்கள்.

கலைப்பிரிவு மாணவர்களுக்கு வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான், அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர முதுநிலை க்யூட் தேர்வு உண்டு. நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். அதற்கும் தனித் தேர்வு எழுத வேண்டும்.

ஆகவே வேண்டுகோள் இதுதான். ஜூலை முதல் வாரத்தில் உதவித்தொகை, செப்டம்பர் முதல் வாரத்தில் ஜாம், அக்டோபர் முதல் வாரத்தில் கோடைப் பயிற்சி என்று மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தி போடுங்கள். தேவையான சான்றுகளின் பெயரையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். நான்கு அங்குல இடம் போதும். கல்லூரி நூலகங்களில் உங்கள் நாளிதழ் வருகிறது. வெட்டி ஒட்ட நூலகர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.